காகிதச் சுவர்கள்

பொம்மை இரயிலைப் பற்றிச் சரித்திரப் பேச்சு வரிசையில் ஒரு பேச்சா என்று நேயர்கள் வியக்கக்கூடும். குழந்தைகள் சாவி முடுக்கி ஓடவிடும் இரயிலை நான் சொல்லவில்லை. உண்மையான இருப்புப்பாதையையும், அதன் நிலையங்களையும், சரக்குக் கொட்டகைகளையும், பாதையோரத்து வீடுகளையும் ஒரே அளவு விகிதத்திலே சிறிதாக்கி மேஜைமேல் அமைக்கின்ற கலை ஒன்று உண்டு. மேல்நாடுகளிலே அதற்குச் சங்கங்களும் பத்திரிகைகளும் பல. நம் நாட்டிலும் புனே நகரில் ஜோஷி என்பவர் தம் வாழ்நாள் முயற்சியாகச் சேர்த்து அமைத்த சிற்றுரு இரயில் காட்சிசாலை 1998-ஆம் ஆண்டில் திறக்கப்பட்டது. இந்தக் கலையிலே எஞ்சினைச் செய்பவருக்குப் பெருமை மிகுதி. சுவரைச் செய்பவரைப் பற்றி யாரும் அதிகம் பேசுவதில்லை. இன்று நான் பேச வந்திருப்பது சுவரைப் பற்றித்தான்.

இந்தக் கலையில் உலகெங்கும் அதிகமாக வழங்கும் அளவு 87-இல் ஒரு பங்கு. அந்த அளவிலே ஐந்தரை அடி உயரமுள்ள மனிதன் 19 மில்லிமீட்டர் உயரமாகிறான். 60 அடி நீளமுள்ள நிலையக் கட்டடம் 21 சென்டிமீட்டரில் அடங்கிவிடுகிறது. ஒன்பது அங்குலச் செங்கல் இரண்டரை மில்லிமீட்டரைச் சற்றே தாண்டும். செங்கல்லுக்கும் செங்கல்லுக்கும் இடையே உள்ள சாந்துக் கோடு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்குதான். அப்படிப்பட்ட கோடுகளைக் கத்தியாலே ஆயிரக்கணக்கில் கீற மனிதக் கைக்குப் பொறுமை போதாது. அச்சு இயந்திரத்துக்கோ அது எளிய வேலை. அங்குலத்துக்கு 300 புள்ளிகள் வீதம் அச்சிட்டால் ஒரு செங்கல்லின் நீளத்துக்குள் முப்பது புள்ளிகள் விழும். சாந்துக் கோட்டுக்கும் ஒரு புள்ளி கிடைத்துவிடும். உண்மைச் சுவரைப் புகைப்படம் எடுத்து, அளவுக்குச் சுருக்கி, காகிதத்தில் அச்சிட்டு, தடித்த அட்டையில் ஒட்டி, ஜன்னலும் கதவும் வெட்டி, மடித்து நிறுத்தினால் ஒரு கட்டடம் எழுந்துவிடுகிறது. முறை இவ்வளவுதான். ஆனால் இதற்குப் பின்னால் நீண்ட கதை ஒன்று இருக்கிறது. அந்தக் கதையின் ஒரு பகுதி நம் தமிழ்நாட்டிலேயே நடந்தது.

என் ஊர் மாகறல். காஞ்சிபுரத்திலிருந்து உத்தரமேரூருக்குப் போகிற வழியிலே, செய்யாற்றங்கரையில், திருஞானசம்பந்தர் பாடிய திருமாகறலீசர் எழுந்தருளியிருக்கும் ஊர். எங்கள் ஊருக்கு இரயில் கிடையாது. இரயில் என்றால் எங்களுக்குக் காஞ்சிபுரந்தான். அந்தக் காஞ்சிபுரத்து இரயிலுக்கோ விசித்திரமான வரலாறு உண்டு. 1856-ஆம் ஆண்டில் இராயபுரத்திலிருந்து வாலாஜா வரையிலே தென்னாட்டின் முதல் பயணிகள் இரயில் ஓடியது. அந்தப் பாதையிலுள்ள அரக்கோணத்திலிருந்து பிரிந்து, 1865-ஆம் ஆண்டில் ஒரு சிறு பாதை காஞ்சிபுரத்துக்கு வந்தது. போட்டவர்கள் இந்தியன் டிராம்வே கம்பெனியார். நீளம் 19 மைல். சென்னை இரயிலின் அகலம் ஐந்தரை அடி. இதன் அகலம் மூன்றரை அடிதான். குறைந்த செலவிலே ஊர்களைப் பெரிய பாதையோடு இணைக்கவேண்டும் என்பது நோக்கம். அதே 1865-இல் ஆஸ்திரேலியாவின் குயீன்ஸ்லாந்திலும், பிறகு 1872-இல் ஜப்பானிலும் இதே மூன்றரை அடி அகலத்தில்தான் முதல் இரயில் ஓடிற்று. அந்த நாடுகளிலே அந்த அகலம் நிலைத்து வளர்ந்தது. நம் நாட்டிலோ 1870-இல் மேயோ பிரபுவின் காலத்தில், சிறு பாதைகளெல்லாம் மீட்டர் அகலத்திலே அமையவேண்டும் என்று முடிவாயிற்று. காஞ்சிபுரத்துப் பாதை கர்நாடிக் இரயில்வே என்று பெயர் மாறி, தென்னிந்திய இரயில்வேயில் கலந்து, மீட்டர் பாதையாகி, நம் காலத்திலே அகலப் பாதையும் ஆகிவிட்டது. ஒரே மண்மேட்டின்மேல் மூன்று அகலங்கள் வந்து போயிருக்கின்றன.

இந்தப் பாதையிலே நான் இளமையில் ஏறி இறங்கிய ஒரு சிறு நிலையத்தை, மீட்டர் பாதை ஓடிய காலத்துக் கோலத்திலே மேஜைமேல் அமைக்கவேண்டும் என்ற ஆசை எனக்கு நெடுநாளாக உண்டு. 87-இல் ஒரு பங்காகச் சுருக்கினால் மூன்றரை அடிப் பாதையும் மீட்டர் பாதையும் ஏறக்குறைய 12 மில்லிமீட்டர் தண்டவாளத்திலேயே அடங்கும். ஆகவே பாதைக்குக் குறையில்லை. சுவருக்குத்தான் குறை.

முதலிலே இங்கிலாந்தில் அச்சான செங்கல் தாள்களை வாங்கி ஒட்டினேன். இந்தத் தாள்களுக்கும் பழைய வமிசாவளி உண்டு. பிரான்சு தேசத்தில் எபினால் என்ற ஊரிலே 1796-ஆம் ஆண்டில் பெல்லரின் என்பவர் அச்சுக்கூடம் ஒன்று தொடங்கினார். அங்கே அச்சான வண்ணப் படங்கள் கிராமம் கிராமமாக விற்பனையாயின. பின்னர், வெட்டி ஒட்டிக் கட்டடமாக நிறுத்தும் தாள்களும் அங்கிருந்து வந்தன. ஜெர்மனியில் எஸ்லிங்கன் நகரத்து ஷ்ரைபர் பதிப்பகம் 1831-இல் தோன்றி, வெட்டி ஒட்டும் அட்டை மாதிரிகளுக்குப் பெயர் பெற்றது. 1891-ஆம் ஆண்டில் மேர்க்ளின் கம்பெனியார் லைப்சிக் சந்தையிலே தண்டவாளத்தோடு கூடிய பொம்மை இரயில்களை வரையறுத்த அகலங்களில் கொண்டுவந்த பிறகு, அந்த இரயிலுக்கு நிலையம் வேண்டியதாயிற்று. தகரத்தின்மேல் செங்கல்லையும் ஜன்னலையும் கடிகாரத்தையும் வண்ணத்தில் அச்சிட்டு நிலையங்கள் செய்தார்கள். தகரம் போய் அட்டை வந்தது. அட்டைமேல் ஒட்டுவதற்குச் செங்கல் தாளும் ஓட்டுத் தாளும் வந்தன. அவற்றிலே இருந்தவை யாவும் ஓவியர் வரைந்த செங்கற்கள். ஒன்றைப் போலவே ஒன்று இருக்கும்.

என் நிலையத்தை ஒருநாள் எங்கள் ஊர்ப் பக்கத்து வயோதிகக் கொத்தனார் ஒருவர் வந்து பார்த்தார். குனிந்து, வெகுநேரம் பார்த்தார்.

"தம்பி, இது எந்த ஊர்க் கட்டடம்?" என்று கேட்டார்.

"நம் பக்கத்துக் கட்டடந்தான் மேஸ்திரி."

"நம் பக்கமா? நம் பக்கத்திலே சுவர் இப்படியா இருக்கும்? அடியிலே உப்புப் பூக்கவில்லை. சாரல் அடிக்கிற பக்கம் கறுக்கவில்லை. வருஷா வருஷம் சுண்ணாம்பு அடித்த தடிப்பும் இல்லை. நேற்றுக் கட்டி இன்றைக்குக் குடிபோகிற வீடு மாதிரி இருக்கிறதே!" என்றார்.

அவர் சொன்னது முழுவதும் உண்மை. பாதையின் அகலத்தை மில்லிமீட்டர் கணக்கிலே சரிபார்த்த நான், சுவரை வேறொரு தேசத்திலிருந்து வாங்கி வந்துவிட்டேன். மழையும் வெயிலும் மண்ணின் உவரும் மனிதரின் தோளும் முதுகும் பட்டுப் பட்டு ஒரு சுவர் தன் ஊரைச் சேர்ந்ததாகிறது. அதை எந்த ஓவியரும் மனத்தால் வரைந்துவிட முடியாது. அந்தச் சுவரின் எதிரே நின்றுதான் எடுக்கவேண்டும்.

அன்று இரவு என் பழைய படங்களையெல்லாம் எடுத்துப் பரப்பினேன். அந்த நிலையத்தில் நான் எடுத்த படங்கள் இருபதுக்குமேல் இருந்தன. எஞ்சின் வருகிறது, எஞ்சின் நிற்கிறது, எஞ்சின் புகை விடுகிறது. உறவினர்கள் வரிசையாக நிற்கிறார்கள். சரக்குக் கொட்டகையின் சுவர் எங்கே என்று தேடினேன். ஒரு படத்திலே, என் சிற்றப்பாவின் தோளுக்குப் பின்னால், கோணலாக, ஒரு முழம் அகலத்துக்குத் தெரிந்தது. வேறெங்கும் இல்லை. போய் எடுத்துவரலாம் என்றால் கொட்டகை இல்லை. பாதை அகலமான காலத்திலே அதை இடித்துவிட்டார்கள். நீராவி எஞ்சின்களுக்கு இடம் கிடைத்துவிட்டது. 1977-இல் புதுதில்லியிலும், பின்பு மைசூரிலும், 2002-இல் நம் சென்னையிலும் இரயில் அருங்காட்சியகங்கள் தோன்றி, அவற்றைப் போற்றிவைத்திருக்கின்றன. அந்த எஞ்சின்கள் நின்று மூச்சு வாங்கிய சிறு நிலையங்களின் சுவர்களை எந்த அருங்காட்சியகமும் வாங்கி வைக்கவில்லை, வைக்கவும் இயலாது.

கிடைத்த அந்த ஒரு முழச் சுவரைக் கணிப்பொறியிலே நிமிர்த்தி, திரும்பத் திரும்பப் பக்கத்திலே அடுக்கி, முழுச் சுவராக்கி அச்சிட்டுப் பார்த்தேன். தூரத்திலிருந்து பார்க்க நன்றாகத்தான் இருந்தது. அருகில் வந்தால், ஒரே கறை ஒரு முழத்துக்கு ஒரு தடவை வந்துகொண்டே இருந்தது. நம் கண் விசித்திரமானது. ஆயிரம் செங்கல்லை எண்ணாது. ஒரு கறை இரண்டு தடவை வந்தால் உடனே கண்டுபிடித்துவிடும். அந்தச் சுவரையும் கிழித்தெறிந்தேன்.

சுவரை நேரே நின்று, விடாமல், முழுவதும் எடுக்கவேண்டும் என்ற பாடத்தை நான் இவ்வளவு சிரமப்பட்டுக் கற்றிருக்க வேண்டியதில்லை. 1858-ஆம் ஆண்டிலேயே ஒருவர் அதைத் தஞ்சாவூரிலே செய்து காட்டியிருக்கிறார். லின்னேயஸ் டிரைப் என்பது அவர் பெயர். கிழக்கிந்தியக் கம்பெனியின் சென்னைப் படையிலே காப்டன். சென்னை மாகாண அரசாங்கத்தின் புகைப்படக்காரராக நியமனம் பெற்றவர். திருச்சிராப்பள்ளி, மதுரை, புதுக்கோட்டை, தஞ்சாவூர் ஆகிய இடங்களிலே கோயில்களையும் அரண்மனைகளையும் பெரிய பெரிய படங்களாக எடுத்தார். தஞ்சைப் பெரிய கோயில் விமானத்தின் அடித்தளத்திலே இராஜராஜ சோழன் காலத்துக் கல்வெட்டுக்கள் வரி வரியாக ஓடுகின்றன அல்லவா? அவற்றை எடுக்க வந்தபோது அவர் காட்சிக்கு அழகான கோணம் ஒன்றைத் தேடவில்லை. சுவருக்கு நேராகக் காமிராவை நிறுத்தி ஒரு படம் எடுத்தார். சற்றே நகர்ந்து அடுத்த படம். இப்படி எடுத்த 21 படங்களைப் பக்கம் பக்கமாக ஒட்டி, ஏறத்தாழ 19 அடி நீளமுள்ள ஒரே சுருளாக்கினார். கருங்கல் சுவர் ஒன்று சுருட்டிக் கையில் எடுத்துப்போகக்கூடிய காகிதமாயிற்று. சில ஆண்டுகளிலே, செலவைக் குறைக்கவேண்டும் என்று அரசாங்கம் அந்தப் புகைப்பட வேலையையே நிறுத்திவிட்டது. ஆனால் சுருள் இருக்கிறது.

காமிரா இல்லாமலும் சுவரைக் காகிதத்தில் எடுப்பதுண்டு. எங்கள் ஊரைத் தாண்டிப் போனால் உத்தரமேரூர். முதலாம் பராந்தக சோழன் காலத்தில், 919, 921 ஆகிய ஆண்டுகளிலே, குடவோலை முறையைச் சொல்லும் சாசனங்களைப் பொறித்த சுவர்கள் அங்கே இருக்கின்றன. கல்வெட்டு ஆராய்ச்சியாளர்கள் இப்படிப்பட்ட சுவர்களை மைப்படி எடுப்பார்கள். கல்லைத் துலக்கி, நனைத்த காகிதத்தை அதன்மேல் விரித்து, எழுத்தின் பள்ளங்களிலே காகிதம் பதியும்படி தூரிகையாலே தட்டி, மேலே மை ஒற்றி எடுப்பார்கள். மேடு கறுப்பாகும், எழுத்து வெள்ளையாக நிற்கும். மைப்படியிலே கல்லின் வடிவம் வருகிறது; நிறம் வருவதில்லை. புகைப்படத்திலே நிறமும் கறையும் வருகின்றன. மேடு பள்ளம் வருவதில்லை. சிற்றுருக் கட்டடம் செய்பவருக்கு இரண்டும் வேண்டும். அவர் செய்யும் வேலை டிரைப் செய்த வேலைக்கு மறுதலை. அவர் சுவரைக் காகிதமாக்கினார். இவர் காகிதத்தைச் சுவராக்குகிறார்.

அந்த வேலையின் நுட்பங்களை, அனுபவத்திலே கண்டவாறு, சிறிது சொல்லுகிறேன். படம் எடுக்க உகந்த நாள், ஐப்பசி கார்த்திகையிலே மழை விட்டு மேகம் மூடியிருக்கும் நாள். வெயிலில் எடுத்தால் தாழ்வாரத்தின் நிழல் சுவரில் விழும். அந்த நிழல் அப்படியே அச்சாகிவிடும். பிறகு நம் மேஜை விளக்கு எந்தப் பக்கம் இருந்தாலும் அந்தக் காலை நிழல் நகராது. அண்ணாந்து எடுக்கக் கூடாது. எடுத்தால் சுவர் மேலே போகப் போகக் குறுகும். தூர விலகி நின்று, சுவருக்கு இணையாகக் காமிராவைப் பிடிக்கவேண்டும். அளவு தெரிந்த கோல் ஒன்றைச் சுவரிலே சாத்திவைத்து எடுத்தால் பின்னர் சுருக்கும்போது கணக்குத் தவறாது. வளைந்த சுவருக்கு ஒரே படம் உதவாது. மாகறல் கோயிலில் கருவறை விமானம் யானையின் முதுகைப் போலப் பின்புறம் வளைந்திருக்கும். தூங்கானை மாடம் என்பார்கள். அப்படிப்பட்ட வளைவை, நடந்துகொண்டே குறுகிய பட்டைகளாக எடுத்து ஒட்டவேண்டும். நிலையத்தின் வட்டமான நீர்த்தொட்டிக்கு நான் இந்த முறையைத்தான் கையாண்டேன்.

அச்சிடும் தாள் மினுமினுக்கக் கூடாது. சுண்ணாம்புச் சுவர் எங்கேயாவது பளபளக்குமா? வண்ணத்தை உண்மையைவிடச் சற்று வெளுப்பாகவே அச்சிடவேண்டும். சிறிய உருவத்திலே நிறம் கறுத்துத் தோன்றும். நீர் கலந்த பசை மையைக் கரைத்துவிடும்; ஆகவே ஒட்டுமுன் தெளிவான பூச்சு ஒன்று கொடுக்கவேண்டும். வெட்டிய அட்டையின் விளிம்பு வெள்ளையாகத் தெரிந்தால் காகிதக் குட்டு வெளிப்பட்டுவிடும். அந்த விளிம்புக்குச் சுவரின் நிறத்தையே தீட்டவேண்டும். ஜன்னலைச் சுவரோடு சுவராக அச்சிட்டு விட்டுவிடாமல், வெட்டி எடுத்து, உள்ளே தள்ளி வைக்கவேண்டும். தூணையும் படியையும் தனி அட்டையிலே செய்து முன்னே ஒட்டவேண்டும். அப்போதுதான் விளக்கின் உண்மையான நிழல் அவற்றின்மேல் விழும்.

இவ்வளவு பாடுபட்டு என்ன பயன் என்று கேட்கலாம். இங்கிலாந்திலே ராய் இங்கிலாண்டு என்று ஒருவர் இருந்தார். பெயர்தான் இங்கிலாண்டு, பிறந்தது ஆஸ்திரேலியாவிலே. ஆக்ஸ்போர்டுக்குத் தெற்கேயுள்ள பள்ளத்தாக்கு ஒன்றிலே வாழ வந்தவர், அங்கே கூரை வேய்ந்த பழங்கால வீடுகள் ஒவ்வொன்றாக மறைந்தும் மாறியும் வருவதைக் கண்டார். தடுக்க அவருக்கு அதிகாரம் இல்லை. ஆகவே அந்த வீடுகளை 76-இல் ஒரு பங்கு அளவிலே அட்டையால் செய்யத் தொடங்கினார். 1954-ஆம் ஆண்டில் பெண்டன் என்ற காட்சிசாலை இதிலிருந்து தோன்றியது. 1920, 1930-களின் அந்தக் கிராமப்புறத்தைக் காணவேண்டுமானால் இன்று பலரும் அங்கே போகிறார்கள். அவர்கள் சுவர்களைக் கையாலேயே தீட்டினார்கள். நமக்குக் காமிராவும் அச்சும் இருக்கின்றன. அவருக்கு இருந்த கவலை மட்டும் நமக்கும் வேண்டும்.

சென்ற மழைக்காலத்திலே நான் எங்கள் ஊர்த் தெருவின் நாட்டு ஓட்டு வீடுகளை நேரே நின்று எடுக்க ஆரம்பித்தேன். எதிர் வீட்டுப் பெரியம்மா வாசலுக்கு வந்தார்கள். அந்த வீட்டைத் தை பிறந்ததும் இடித்துக் கட்டுவதாக ஏற்பாடு.

"என்னப்பா, மனிதர் இருக்கும்போது சுவரைப் படம் பிடிக்கிறாய்?" என்றார்கள்.

"உங்களையும் எடுக்கிறேன் பெரியம்மா. முதலிலே சற்று விலகி நில்லுங்கள்" என்றேன். அவர்கள் சிரித்துக்கொண்டே விலகினார்கள். அவர்கள் நின்ற இடத்துக்குப் பின்னால், சுவரிலே, கரியால் போட்ட பால் கணக்குக் கோடுகள் வரிசை வரிசையாக இருந்தன. ஒவ்வொன்றும் நாலு விரல் உயரம்.

வீடு தையிலே இடிபட்டது. மாசியிலே காகித வீட்டை முடித்து, அவர்களிடம் கொண்டுபோய்க் காட்டினேன். கூரையைப் பார்க்கவில்லை, திண்ணையைப் பார்க்கவில்லை. கண்ணாடியை மாட்டிக்கொண்டு, வாசற்படிக்கு இடப்புறம் குனிந்தார்கள். அந்த அளவிலே ஒரு கோடு ஒரு மில்லிமீட்டருக்குச் சற்று குறைவு. விரல் நுனியால் தொடாமல், மேலாகக் காட்டி எண்ணினார்கள்.

"பதினேழு. அந்த மாதம் பசு வற்றிப்போயிற்று" என்றார்கள்.

சரக்குக் கொட்டகையின் சுவரை நான் இனி அமைக்க முடியாது. அந்த இடத்தை என் மேஜையிலே வெறும் தரையாகவே விட்டிருக்கிறேன். நேயர்களில் எத்தனையோ பேர் கையிலே இன்று காமிரா இருக்கிறது. வீட்டிலே ஒரு விசேஷம் வந்தால், ஊரிலே ஒரு கட்டடத்தை இடிக்கப்போகிறார்கள் என்று கேள்விப்பட்டால், எல்லோரையும் நிறுத்திப் படம் எடுத்த பின், ஒரு நிமிஷம் அவர்களை விலகச் சொல்லுங்கள். பின்னால் இருக்கும் சுவருக்கு நேரே நின்று, கோல் ஒன்றைச் சாத்தி, ஒரு படம் எடுத்துவையுங்கள். யாருக்காவது என்றாவது வேண்டியிருக்கும்.